உயிரணுவுக்குள் ஓர் ஓலைச்சுவடி

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய அறிவியற் பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மன்றத்தில் மொழி வரலாறும் இலக்கணமும் இனவுரிமையும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று உயிரியல் கேட்க வந்திருக்கிறீர்கள். இது நம் வேலைதானா என்று சிலர் எண்ணலாம். நம் வேலையேதான். 'தமிழில் அறிவியல் சொல்ல இயலாது' என்பார்க்கு இரண்டு வகையாக விடையிறுக்கலாம். 'இயலும், இயலும்' என்று மேடைதோறும் முழங்குவது ஒருவகை. சொல்லியே காட்டிவிடுவது மற்றொரு வகை. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, முதல்வகையை நாம் ஒரு குறையுமின்றிச் செய்து வந்திருக்கிறோம். இரண்டாம் வகையில்தான் கடன்பட்டு நிற்கிறோம். அக்கடனில் ஒரு சிறுபகுதியை இன்று தீர்க்க முயல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் உடலின் உயிரணுக்கள் புரதங்களை எவ்வாறு ஆக்குகின்றன என்பது. உயிரியலின் நடுப்பொருள் இதுவே. இதனை அறிந்தால் நோய் விளங்கும், மருந்து விளங்கும், நாம் உண்ணும் சோறும் விளங்கும்.

புரதம் என்பது யாது?

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். அது தவறன்று, ஆனால் மிகச் சிறு பகுதி. உங்கள் தசை புரதம். தோலுக்கு உறுதி தருவது புரதம். தலைமயிரும் நகமும் புரதம். உண்ட சோற்றைச் செரிக்கச் செய்யும் நொதிகள் புரதங்கள். குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் புரதம். சருக்கரையை அளவில் நிறுத்தும் இன்சுலினும் புரதமே. உடலில் வினை நடைபெறும் இடமெல்லாம் அவ்வினையைச் செய்யும் ஆள் பெரும்பாலும் ஒரு புரதமாகவே இருக்கக் காண்போம்.

இத்துணை வேறுபட்ட பொருள்களும் ஒரே முறையில் ஆனவை என்பதே வியப்பு. அமினோக் காடிகள் என்னும் சிறு மூலக்கூறுகள் உள்ளன. காடி என்றால் புளிப்புப் பொருள் என்று நீங்கள் அறிவீர்கள். அமிலம் என்று பாடநூலில் படித்தது இதுவே. புரத ஆக்கத்திற்குப் பயன்படும் அமினோக் காடிகள் 20 வகை. இருபது நிறப் பூக்கள் கூடையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தப் பூவை அடுத்து எந்தப் பூ என்ற ஒழுங்கில் தொடுத்தால் ஒரு மாலை. ஒழுங்கை மாற்றித் தொடுத்தால் வேறு மாலை. இன்சுலின் 51 பூக்களாலான சிறு மாலை. ஈமோகுளோபின் நான்கு சரங்கள் சேர்ந்தது. இரண்டு சரங்களில் 141 பூக்களும், இரண்டு சரங்களில் 146 பூக்களும் உள்ளன.

ஒரு புரதத்தின் அமினோக் காடிகள் இன்ன ஒழுங்கில்தான் அமைந்துள்ளன என்று முதன்முதலில் முழுமையாகக் கண்டு காட்டியவர் இங்கிலாந்து நாட்டின் பிரடரிக்கு சேங்கர். இன்சுலினின் ஒழுங்கை 1955இல் அவர் முடித்துக் காட்டினார். 1958இல் நோபெல் பரிசு பெற்றார். ஒழுங்கு உண்டு என்று தெளிந்தவுடன் அடுத்த வினா எழுந்தது. இந்த ஒழுங்கை உயிரணுவுக்குச் சொல்லிக் கொடுப்பது எது?

நான்கே எழுத்தில் எழுதிய சுவடி

மாந்த உடலில் ஏறத்தாழ 30 இலக்கம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் நடுவே உட்கரு என்னும் ஒரு சிற்றறை உண்டு. அவ்வறைக்குள் பூட்டி வைத்த சுவடியே டி.என்.ஏ. எனப்படுவது. மரபைச் சுமக்கும் இழையாதலின் அதனை மரபிழை என்று சொல்லலாம். ஓர் உயிரணுவின் மரபிழைகளை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். கண்ணுக்குப் புலனாகாத அறைக்குள் அது சுருண்டு மடிந்து கிடக்கிறது.

இச்சுவடியின் எழுத்துகள் நான்கே. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பன அவற்றின் பெயர்கள். முதலெழுத்தை வைத்து அ, த, க, ச என்று குறித்துக்கொள்வோம். இழை ஒற்றையன்று, இரட்டை. ஓர் இழையில் அ நின்றால் எதிரிழையில் த நிற்கும். க நின்றால் ச நிற்கும். இந்த இணையொழுங்கை 1953இல் சேம்சு வாட்சனும் பிரான்சிசு கிரிக்கும் வெளியிட்டனர். உரோசலிண்டு பிராங்கிளின் என்னும் பெண்மணி எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அதற்குப் பெருந்துணை செய்தன.

தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக ஒவ்வொரு சுவடியும் நமக்கு இரட்டையாக வந்து சேருகிறது. ஒரு படியில் மட்டும் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 20,000 பகுதிகள் புரதங்களுக்கு உரிய பாடங்கள். அத்தகைய ஒரு பகுதியையே ஈனி என்கிறோம்; மரபணு என்பதும் அதுவே.

நான்கெழுத்து போதுமா என்று ஐயுறுவீர்கள். தமிழ் படித்தவர்க்கு இந்த ஐயம் எழவே கூடாது. நமக்கு முதலெழுத்து 30. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடியபோது 216 உயிர்மெய் பிறக்கக் கண்டோம். சில எழுத்துகள் கூடிப் பல ஆவது நமக்குப் பள்ளிப் பருவத்துப் பாடம். நம் முன்னோர் மரபிழையை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய வெற்றுப் பெருமை நமக்கு வேண்டா. எழுத்து, சொல், பொருள் என்று பகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கம் இப்பாடத்தைக் கற்கத் துணையாகும் என்றே சொல்கிறேன்.

மூலத்தைத் தொடாமல் படியெடுத்தல்

பழைய சுவடி வைத்திருந்த குடும்பத்தார் மூல ஏட்டை வெளியே கொடுக்கமாட்டார்கள். வேண்டுவோர் அங்கேயே இருந்து படியெடுத்துக்கொண்டு போகவேண்டும். உயிரணுவும் அப்படியே செய்கிறது. மரபிழை உட்கருவை விட்டு வெளியே வாராது. புரதம் ஆகும் இடமோ உட்கருவுக்கு வெளியே. ஆகவே எந்தப் புரதம் வேண்டுமோ அதற்குரிய பகுதியை மட்டும் ஒரு நொதி திறந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் படியெடுக்கிறது. அப்படி தூது ஆர்.என்.ஏ. எனப்படும். நாம் அதனைத் தூதோலை என்று அழைப்போம்.

படியெடுப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, தூதோலையில் தைமின் இல்லை. அவ்விடத்தில் யுராசில் என்னும் வேறோர் எழுத்து நிற்கும். அதனை உ என்போம். ஆகவே ஓலையின் எழுத்துகள் அ, உ, க, ச. மற்றொன்று, நம்மைப் போன்ற உயிர்களின் மூலச்சுவடியில் பாடத்திற்கு இடையிடையே பாடமல்லாத பகுதிகள் விரவிக் கிடக்கின்றன. படியெடுத்தபின் அவற்றை வெட்டி நீக்கிப் பாடப்பகுதிகளை ஒட்டித் தைத்த பிறகே ஓலை உட்கருவின் வாயில் கடந்து வெளியே வருகிறது.

உட்கரு உள்ள உயிரணுக்களில் முழுச்சுவடி இருப்பினும், எல்லா உயிரணுவும் எல்லாப் பாடத்தையும் படியெடுப்பதில்லை. கணையத்தின் சில உயிரணுக்கள் இன்சுலின் பாடத்தைப் படியெடுக்கும். தோலின் உயிரணு அப்பக்கத்தைத் திறப்பதேயில்லை. கண் கண்ணாவதும் தோல் தோலாவதும் எப்பக்கம் திறந்தது என்பதைப் பொறுத்தது.

மும்மூன்றாகப் படித்தல்

வெளியே வந்த ஓலையைப் படித்து மாலை தொடுக்கும் இடம் ரைபோசோம். தொடுக்கும் அகமாதலின் தொடுப்பகம் எனலாம். இரண்டு துண்டுகள் மேலும் கீழுமாகப் பொருந்தி ஓலையை நடுவில் பிடித்துக்கொள்ளும் நுண்பொறி அது. ஓர் உயிரணுவில் இத்தகைய தொடுப்பகங்கள் பல இலக்கம் உண்டு.

எழுத்து நான்கு, பூக்களோ இருபது. ஓரெழுத்துக்கு ஒரு பூ என்றால் நான்கு பூக்கள்தாம் குறிக்கலாம். ஈரெழுத்துக்கு ஒன்று என்றால் 4 × 4 = 16; போதாது. மூவெழுத்துக்கு ஒன்று என்றால் 4 × 4 × 4 = 64; போதும், மிஞ்சும். உயிரணு மூவெழுத்துச் சொற்களாகவே படிக்கிறது. இடைவெளி விடாமல் எழுதிய ஓலையை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கிறது.

இதனைத் தமிழிலேயே செய்து பாருங்கள். 'மரம்படம்பழம்குடம்' என்று சேர்த்தெழுதுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்தால் மரம், படம், பழம், குடம் என்று பொருள் தரும். இரண்டாம் எழுத்தாகிய ரகரத்தை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். 'மம்ப, டம்ப, ழம்கு, டம்' என்று ஆகிவிடும். ஓரெழுத்துதான் போயிற்று, அதன்பின் வந்த அத்தனைச் சொல்லும் கெட்டன. 1961இல் கேம்பிரிட்சில் கிரிக்கும் சிட்னி பிரென்னரும் அவர்தம் குழுவினரும் நுண்ணுயிரைத் தாக்கும் ஒரு தீநுண்மியில் இதையொத்த ஆய்வையே செய்தார்கள். ஓரெழுத்தைக் கூட்டினாலும் ஈரெழுத்தைக் கூட்டினாலும் பாடம் கெட்டது. மூன்றெழுத்தைக் கூட்டியபோது பெரும்பாலும் மீண்டும் ஒழுங்குபட்டது. படிப்பு மும்மூன்றாகவே நடைபெறுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

எந்தச் சொல்லுக்கு எந்தப் பூ என்பதற்குரிய அகரமுதலியின் முதற்சொல்லும் அதே 1961இல் கிடைத்தது. அமெரிக்காவின் பெதசுதாவில் மார்சல் நிரன்பர்க்கும் ஐன்ரிக் மத்தேயியும், 'உஉஉஉஉ' என்று ஒரே எழுத்தாலான ஓலையைச் செயற்கையாகச் செய்து, நுண்ணுயிரைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் இட்டனர். பினைலலனின் என்னும் ஒரே பூவாலான மாலை வெளிப்பட்டது. 'உஉஉ' என்றால் பினைலலனின்! உயிரின் மொழியில் மாந்தன் படித்த முதற்சொல் அது. 1966க்குள் அறுபத்து நான்கு சொற்களும் படிக்கப்பட்டன. நிரன்பர்க்கும், பஞ்சாபில் பிறந்த அர்கோபிந்து கொரானாவும், இராபர்ட்டு ஓலியும் 1968இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அறுபத்து நான்கில் 61 சொற்கள் பூக்களைக் குறிப்பன. 'உஅஅ', 'உஅக', 'உகஅ' என்னும் மூன்றும் முற்றுப்புள்ளிகள். 'அஉக' என்பது மெத்தியோனினைக் குறிக்கும். தொடக்கச் சொல்லும் அதுவே. இருபது பூக்களுக்கு 61 சொற்கள் என்பதால் ஒரு பூவுக்கே பல சொல் இருக்கும். நம் இலக்கணத்தில் ஒருபொருட் பன்மொழி என்பது இல்லையா? அதுபோன்றது.

தொடுக்கும் முறை

ஓலையில் உள்ள சொல்லுக்கும் கூடையில் உள்ள பூவுக்கும் நேரான தொடர்பு இல்லை. இடையில் ஓர் ஆள் வேண்டும். சுமப்பு ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறே அவ்வாள். ஒரு முனையில் பூவைச் சுமக்கும். மறுமுனையில் மூன்றெழுத்து அடையாளம் இருக்கும். 'கஅக' என்னும் சொல் குளூட்டமிக் காடியைக் குறிக்கும். அப்பூவைச் சுமக்கும் ஆளின் அடையாளம் 'சஉச'. க-வுக்கு ச, அ-வுக்கு உ, க-வுக்கு ச என்று எதிரெதிரே பொருந்துவதைப் பாருங்கள். பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் வெளியே. எந்த ஆள் எந்தப் பூவைச் சுமக்கவேண்டும் என்பதைப் பார்த்து ஏற்றிவிடும் காவல்நொதிகளும் தனித்தனியே உண்டு.

இனி முழுக் காட்சியையும் காணலாம். தொடுப்பகம் ஓலையில் 'அஉக' நிற்கும் இடத்தைப் பற்றுகிறது. முதற்பூவோடு முதலாள் வந்து அமர்கிறான். அடுத்த சொல்லுக்கு அடுத்தவன் பக்கத்தில் அமர்கிறான். முதலாளிடமிருந்த பூ இரண்டாமவனிடமுள்ள பூவோடு பிணைகிறது. வெறுங்கையனான முதலாமவன் வெளியேறுகிறான். தொடுப்பகம் மூன்றெழுத்து நகர்கிறது. மூன்றாமவன் வருகிறான். முற்றுப்புள்ளி வரும்வரை இதுவே. நுண்ணுயிரில் நொடிக்குப் பதினைந்து, இருபது பூக்கள் தொடுபடும்; நம் உயிரணுவில் ஏறத்தாழ ஐந்து. இப்பொழிவை நான் முடிப்பதற்குள் உங்கள் உடலில் எத்தனைக் கோடி கோடி மாலைகள் முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தொடுப்பகத்தின் உட்கூறுகளை ஒவ்வோர் அணுவாகக் காட்டியதற்காக 2009இல் வேதியியல் நோபெல் பரிசு மூவர்க்கு வழங்கப்பட்டது. தாமசு சுடைட்சு, அடா யோனத்து ஆகியோரோடு மூன்றாமவர் வெங்கட்ராமன் இராமகிருட்டிணன். அவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்சில் ஆய்வு செய்தவர். பூவையும் பூவையும் பிணைக்கும் வினையைச் செய்வது தொடுப்பகத்தில் உள்ள புரதம் அன்று, அதிலுள்ள ஆர்.என்.ஏ.யே என்பது இம்மூவர் காலத்து ஆய்வுகளால் உறுதிப்பட்ட வியப்பான உண்மை.

மடிந்தால்தான் புரதம்

தொடுத்து முடிந்த சரம் அப்படியே கிடந்தால் ஒரு பயனும் இல்லை. அது சுருண்டு, மடிந்து, தனக்குரிய வடிவத்தை அடையவேண்டும். சாவியின் பல் வடிவம் மாறினால் பூட்டு திறக்குமா? புரதத்தின் வேலையும் வடிவத்தில்தான் இருக்கிறது.

இத்துறையில் உலகம் சென்னையைத் திரும்பிப் பார்த்த காலம் உண்டு. தோல், எலும்பு, நாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாசன் என்னும் புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நிலைநாட்டினர். ஒரு புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடியக்கூடும், எவற்றில் மடிய இயலாது என்பதை 1963இல் இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகிய மூவரும் ஒரு வரைபடமாக்கினர். (இவர் சி. இராமகிருட்டிணன், முன் சொன்னவர் வேறு.) இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரால் இன்றும் உலகெங்கும் புதிதாகக் காணும் புரத வடிவங்களை அதைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். புரத வடிவத்தைக் கணிப்பொறியால் முன்னறியும் முறைக்கு 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு அறுபதாண்டுக்கு முன்பே அடிப்படையிட்ட ஊர் சென்னை. நம் பிள்ளைகளில் எத்தனைப் பேர் இதனை அறிவர்?

ஓரெழுத்துப் பிழையும் ஒரு தாயின் வினாவும்

'மரம்' என்பதில் ஓரெழுத்து மாறினால் 'மறம்' ஆகும். பொருள் வேறாகிவிடும். ஏடெழுதுவோன் செய்த பிழை உரையாசிரியரை அலைக்கழித்த கதைகள் நமக்குத் தெரியும். உயிரணுவின் சுவடியில் அத்தகைய பிழை நேர்ந்தால் என்னாகும்?

ஈமோகுளோபினின் 146 பூச்சரத்தில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் காடி இருக்கவேண்டும். ஓலையில் அதன் சொல் 'கஅக'. நடுவெழுத்து மாறி 'கஉக' ஆனால் அவ்விடத்தில் வேலின் என்னும் வேறு பூ வந்து அமர்கிறது. ஒரே பூ! அதன் விளைவாக, உயிர்வளி குறையும்போது ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. வட்டமான சிவப்பணு கதிரரிவாள் போல் வளைகிறது. குறுகிய குருதிக்குழாய்களில் சிக்கி அடைக்கிறது. தாங்கொணா வலி, குருதிச்சோகை, உறுப்புச் சிதைவு எல்லாம் தொடர்கின்றன. இது மூலக்கூற்றின் நோய் என்று 1949இல் இலைனசு பாலிங்கு குழுவினர் காட்டினர். ஒரே ஓர் அமினோக் காடியின் மாற்றமே கரணியம் என்று 1956இல் வெர்னன் இங்கிராம் கண்டார்.

இது எங்கோ உள்ள நோய் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் இந்நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலமலையில்தான், ஆண்டு 1952. இருளர், குறும்பர், பணியர் முதலிய பழங்குடி மக்களிடையே இன்றும் இது காணப்படுகிறது. நடுவணரசு 2047க்குள் இந்நோயை ஒழிப்பதென்று 2023இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. ஊசி குத்திக் குருதி எடுக்கிறார்கள், அட்டை கொடுக்கிறார்கள். நல்ல பணி. ஆனால் அந்த அட்டையைக் கையில் வாங்கும் தாய், 'என் பிள்ளைக்கு என்ன?' என்று கேட்டால், எந்த மொழியில் விடை கிடைக்கிறது என்பதே என் வினா.

'ஜீன் மியூட்டேசன்', 'கேரியர்' என்ற சொற்களால் அத்தாய்க்கு என்ன விளங்கும்? தான் ஏதோ தீங்கு செய்துவிட்டதாக எண்ணிக் கலங்குவாள். அல்லது ஊரார் அவ்வாறு சொல்லக் கேட்டுத் தலைகுனிவாள். அவளுக்கு இப்படிச் சொல்லவேண்டும்: 'அம்மா, குருதியைப் பற்றிய சுவடி ஒவ்வொருவர்க்கும் இரண்டு படி. உனக்கு ஒரு படியில் மட்டும் ஓரெழுத்துப் பிழை, மற்றப்படி நல்லது, ஆகவே நீ நலமாக இருக்கிறாய். உன் கணவர்க்கும் அவ்வாறே. பிள்ளை ஒவ்வொன்றும் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படி பெறும். இருவரின் பிழைப்படியும் சேர்ந்து வருவதற்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் உன் குற்றம் எதுவுமில்லை.' இவ்வளவுதான். பணியர்க்கும் இருளர்க்கும் அவர்தம் தாய்மொழியிலேயே இதனைச் சொல்வது இன்னும் சிறப்பு. நமக்கு நாம் கேட்கும் உரிமையைப் பிறர்க்கு மறுப்பது அறமாகாது.

நஞ்சும் மருந்தும்

நம் வேலியோரத்து ஆமணக்கைப் பாருங்கள். அதன் விதையில் ரிசின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. உயிரணுவுக்குள் நுழைந்த ஒரு ரிசின் மூலக்கூறு ஆயிரக்கணக்கான தொடுப்பகங்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும். மாலை தொடுப்பது நின்றால் உயிரணு சாகும். விதையைப் பிழிந்தால் நஞ்சு எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. நம் உழவர் ஆமணக்குப் பிண்ணாக்கை வயலுக்கு எருவாக இடுவரேயன்றி, மாட்டுக்கு வைக்கமாட்டார்கள். கரணியம் இப்போது விளங்குகிறதன்றோ?

நஞ்சு செய்வதையே மருந்தும் செய்யும், இடம்தான் வேறு. நுண்ணுயிரின் தொடுப்பகம் நம்முடையதிலிருந்து சற்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, நம்முடையதைப் பெரிதும் தொடாமல் நுண்ணுயிரின் தொடுப்பகத்தை மட்டும் தடுப்பவையே தெத்திராசைக்கிளின், என்புருக்கி நோயை வென்ற சுதிரெப்தோமைசின் முதலிய மருந்துகள்.

உயிர்கள் பலவாயினும் மூவெழுத்துச் சொற்களின் பொருள் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. மாந்தனின் ஓலையை நுண்ணுயிர் படிக்கும். அதனால்தான் மாந்த இன்சுலினை நுண்ணுயிரைக் கொண்டு 1978இல் ஆக்க முடிந்தது. 1982 முதல் அது மருந்தாகக் கிடைக்கிறது. அதற்குமுன் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மகுடத் தீநுண்மிக்கு எதிராக 2020இன் இறுதியில் பல நாடுகளில் வந்த ஒருவகைத் தடுப்பூசி தூதோலையையே உடலுக்குள் அனுப்புவது. அவ்வோலை உட்கருவுக்குள் செல்வதில்லை, மூலச்சுவடியைத் தொடுவதில்லை, வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். அதற்கு வழிகண்ட கதலின் கரிக்கோவும் துரூ வைசுமனும் 2023இல் நோபெல் பரிசு பெற்றனர். இதனை மக்கள் மொழியில் சொல்லியிருந்தால் ஊசிக்கு அஞ்சியோர் எத்தனையோ பேர் தெளிந்திருப்பர்.

அடுக்களைப் பாடம்

இறுதியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. இருபது பூக்களில் ஒன்பதை நம் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே வரவேண்டும். கூடையில் ஒரு பூ இல்லாவிட்டால் அச்சொல் வரும் இடத்தில் தொடுப்பகம் காத்து நிற்கும். மற்றப் பத்தொன்பதும் நிறைந்திருந்தும் மாலை முடியாது. அரிசியில் இலைசின் என்னும் பூ குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசி அதனை ஈடுசெய்யும். ஆகவே அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்டலியும், அரிசியும் பயற்றம்பருப்பும் சேர்ந்த பொங்கலும், சோறும் பருப்பும் நிறைவான உணவுகள். வெறுஞ்சோறு வயிற்றை நிரப்பும். வளரும் பிள்ளையின் மாலையை முடிக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளும் ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வளர்ந்தோர்க்கு வேண்டும். வளரும் பிள்ளைகட்கும் பிள்ளைத்தாய்ச்சியர்க்கும் கூடுதலாக வேண்டும்.

செய்யவேண்டுவது

பெருமக்களே! இவ்வளவையும் தமிழில் சொல்லியாயிற்று. வந்த அயற்பெயர்கள் சில. அவை பொருள்களின் பெயர்கள், ஆட்களின் பெயர்கள். கருத்தைச் சொல்ல ஓரிடத்திலும் தமிழ் தடையாக நிற்கவில்லை. இது புதிதுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். அயலார் ஒருவர் அன்றே செய்ததைத் தமிழர் நாம் இன்று செய்ய அஞ்சுவதா?

தமிழ்வழியில் பன்னிரண்டாண்டு படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவன், முதலாண்டில் பொருள் விளங்காத சொற்களை உருப்போட்டு, தனக்கு அறிவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறான். அவனுக்கு அறிவில்லாமல் இல்லை. அவனிடம் பேசுவோர் இல்லை.

ஆகவே மூன்று வேலைகளை உங்கள்முன் வைக்கிறேன். இங்குள்ள ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் துறையில் ஒரு பாடத்தையேனும் இத்திங்களுக்குள் தமிழில் ஒரு மணிப்பொழுது பேசுங்கள். பேசும்போது சொல் தட்டுப்பட்டால் ஏட்டில் குறித்து இவ்விதழுக்கு அனுப்புங்கள். பேச்சில் நிற்கும் சொல்லே நிலைக்கும். மருத்துவமனையில் பணியாற்றும் தோழர்களே, நோயாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் அவர் வீட்டுப் பாட்டிக்குப் படித்துக் காட்டினால் விளங்குமா என்று பார்த்து எழுதுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் அம்மாவிடம் இந்த ஓலையின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் வினாக் கேட்பார்கள். விடை தெரியாத வினாக்களைக் குறித்துக்கொண்டு அடுத்த திங்கள் வாருங்கள். நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவியல்!